போகிக்கு உள்ளே... ஆயுத பூஜைக்கு வெளியே! வீட்டு ஜெனரேட்டரை எடுத்து வைப்பது எப்படி?

மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர் கிடக்கிறது என்பதே, ரெட் அலர்ட் செய்தி டி.வி-யில் ஓடும்போதுதான் பல வீடுகளில் ஞாபகத்துக்கு வரும். மேலே அடுக்கிய பழைய பேப்பர் கட்டை நகர்த்தி, சாக்கை உருவி, தூசி தட்டி, கயிற்றை இழுத்தால்... இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்பா பத்து இழுப்பு, மகன் பத்து இழுப்பு, கடைசியில் எதிர்வீட்டுத் தம்பி. ம்ஹூம். 'போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு' என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அதுவும் உண்மைதான்.

புயலுக்கு முதல் நாள் மெக்கானிக்கைப் பிடிப்பது, தீபாவளிக்கு முதல் நாள் டெய்லரைப் பிடிப்பது மாதிரி. பிடித்துவிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஓட்டி முடிச்சுட்டு பெட்ரோலை அப்படியே டேங்க்லயே விட்டுட்டீங்களாண்ணே?"

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் ஓடி ஓடித் தேய்ந்து கெடுவதைவிட, சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். வருடத்தில் சில நாள்கள் மட்டுமே ஓடும் இயந்திரம் அது. மீதி நாள்களில் எப்படி நிற்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளிலும் சிறு கடைகளிலும் இன்று இருக்கும் ஜெனரேட்டர்களில் கணிசமானவை, 2012-ம் ஆண்டை ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வாங்கியவை. பிறகு மின்வெட்டு குறைந்தது, இன்வெர்ட்டர் வந்தது, ஜெனரேட்டர் படிக்கட்டுக்கு அடியில் போனது. 'இன்வெர்ட்டர் இருக்கும்போது இது எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு டெல்டாக்காரர்களிடம் பதில் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் வரப் பல வாரங்கள் ஆயின. இன்வெர்ட்டர் பேட்டரி முதல் நாளிலேயே காலி. அதற்குப் பிறகு போர்வெல்லில் இருந்து தண்ணீர் ஏற்ற, செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற, ஆஸ்துமா இருக்கும் பாட்டிக்கு நெபுலைசர் வைக்க, ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினைக் காப்பாற்ற ஜெனரேட்டர்தான் கதி. அந்த நேரத்தில் சொந்த ஜெனரேட்டர் இருந்தும் ஓடவில்லை என்றால், இல்லாதவரைவிட இருப்பவருக்குத்தான் எரிச்சல் அதிகம்.

எப்போது எடுத்து வைப்பது?

தீபாவளி மழை ஓய்ந்ததுமே மூட்டை கட்டிவிடும் அவசரம் வேண்டாம். வர்தா சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12. தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30, ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது. ஆகவே மார்கழி முடியட்டும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. வெளியே எடுக்க ஆயுத பூஜை சரியான நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் ஆயுத பூஜையும் வரும். எப்படியும் சந்தனம், குங்குமம் வைக்க இயந்திரத்தை வெளியே இழுக்கத்தானே போகிறோம்.

இடையில் எட்டு, ஒன்பது மாதங்கள். அதில் ஒரு முழுக் கோடையும் அடக்கம். அந்த எட்டு மாதமும் பெட்ரோல் உள்ளே இருந்தால் என்ன நடக்கிறது?

பெட்ரோலுக்கும் வயசாகும்

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகும். குளிர்ந்த இன்ஜின் பற்றிக்கொள்ள உதவுபவை அவைதான். மீதி இருப்பது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் படியும். காய்ந்தால் வார்னிஷ் அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பிசின் டேங்கில் படிந்தால்கூட பரவாயில்லை. கார்ப்பரேட்டரில் படிவதுதான் வம்பு. கார்ப்பரேட்டரின் அடியில் கிண்ணம் போல ஒரு பகுதி இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். அங்கிருந்து ஜெட் எனப்படும் பித்தளைத் துளைகள் வழியாக இன்ஜினுக்குப் போகும். சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசி முனை அளவு பிசின் போதும், அடைத்துவிடும். மெக்கானிக்குகள் 'ஜெட் அடைச்சிருக்கு' என்று சொல்வது இதைத்தான்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. இ20 பெட்ரோல் 2023-ல் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பதே அதுதான் என்றாகிவிட்டது. 100 லிட்டரில் 20 லிட்டர் வரை எத்தனால். எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்க் காலியாக இருந்தால், மூடியில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாகக் காற்று போய்வந்துகொண்டே இருக்கும். கடலோர ஊர் என்றால் அந்தக் காற்றின் ஈரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிச் சேரும் ஈரத்தாலோ, மூடி வழியாக இறங்கும் மழைநீராலோ தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் நிற்கும். இன்ஜினுக்குக் குழாய் போவதும் அடியிலிருந்துதான். டேங்கில் பெட்ரோல் தெரியும், இன்ஜினுக்குப் போவது தண்ணீர் கலந்த எத்தனால். டேங்க் துரு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி, எல்லாம் இதன் வேலை. 2012 வாக்கில் வாங்கிய இயந்திரத்தின் ரப்பர் குழாய்கள் இந்த அளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவையும் அல்ல. விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் குழாயை மாற்றிவிடலாம். பெரிய செலவு இல்லை.

'டேங்கை முழுசாக நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடம் இருக்காதே' என்று ஒரு யோசனை உண்டு. ஓரிரு மாதங்களுக்கு, அதுவும் ஃபியூயல் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தைப் புது பெட்ரோலில் கலந்து, பத்து நிமிடம் ஓட்டி, அது கார்ப்பரேட்டர் வரை போய்ச் சேர்ந்த பிறகு என்றால் சரி. பழைய பெட்ரோலை அது புதிதாக்காது. எட்டு மாதத்துக்கு நம் ஊர் வெயிலில் டேங்க் நிறைய பெட்ரோலை வீட்டுக்குள் வைப்பதைவிட, காலி செய்வதே நல்லது.

காலி செய்யும் வரிசை

இங்கேதான் வரிசை முக்கியம். ஜெனரேட்டர் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், டேங்கில் இருக்கும் பெட்ரோலை முதலில் எடுக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். அழுத்தி விடும் பிளாஸ்டிக் கைப்பம்ப், ஹார்டுவேர் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

எடுத்த பெட்ரோல் சமீபத்தில் வாங்கியதாக, சுத்தமாக இருந்தால் பைக்கில் ஊற்றிவிடலாம். தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து அது. வீட்டில் சேமித்தே ஆக வேண்டும் என்றால், 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின்படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டருக்குக் குறைவாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், அந்தச் சட்டம் சொல்வது இறுக மூடிய உலோகக் கலனை. கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பழைய பிளாஸ்டிக் எண்ணெய் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

டேங்க் காலியானதும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். லோடு எதுவும் வேண்டாம். குழாயிலும் கிண்ணத்திலும் மிச்சம் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடி, தடுமாறி, தானாக நிற்கட்டும். தடுமாறும்போது சோக்கைப் போட்டால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு நிற்கும். பலர் 'நின்றுவிட்டது, வேலை முடிந்தது' என்று இங்கேயே கையைக் கழுவிவிடுகிறார்கள். கிண்ணத்தின் அடியில் அப்போதும் ஒரு ஸ்பூன் பெட்ரோல் நிற்கும். ஜெட்டை அடைக்க அது தாராளம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திருகி, கீழே ஒரு கிண்ணம் வைத்து அதையும் வடித்துவிட வேண்டும். பெட்ரோல் டேப்புக்குக் கீழே கசடு தேங்கும் சின்னக் கப் சில மாடல்களில் உண்டு. அதையும் கழற்றித் துடைத்து, ரப்பர் வளையம் இடம் மாறாமல் மாட்டவும். எல்லாம் முடிந்ததும் டேப்பை மூடிவிட வேண்டும்.

பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மாடல் வைத்திருப்பவர்கள், கடைசி சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு, அதன் பிறகு இதே வேலையைச் செய்யலாம். கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த முறை கயிறு இழுப்பவரின் தோள்பட்டைதான் பாவம்.

காலி டேங்க் இரும்பு என்றால் உள்ளே துருப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு கப் இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி, நாலாபுறமும் படும்படி அசைத்து, மிச்சத்தை வடித்துவிடச் சொல்கின்றன சில நிறுவனங்களின் கையேடுகள். பிளாஸ்டிக் டேங்குக்கு இது தேவையில்லை.

ஆயிலும் பிளக்கும்

பெட்ரோல் தீரும்வரை ஓட்டியதில் இன்னொரு லாபம், உள்ளே இருக்கும் ஆயில் சூடாகி இளகியிருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பழைய ஆயிலை வடித்தால் கசடும் சேர்ந்து வந்துவிடும். 'அடுத்த வருஷம் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது சரியல்ல. ஓடிய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். எட்டு மாதம் அதிலேயே ஊறினால் உள்பாகங்களை அரிக்கும். சிறிய ஜெனரேட்டருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை ஆயில் போதும். என்ன கிரேடு என்பதைக் கையேட்டில் பார்த்து வாங்குவது நல்லது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வகைக்கு இந்த வேலை கிடையாது. அதிலிருந்து எடுத்த பெட்ரோலைச் சாதாரண பைக்கில் ஊற்றவும் கூடாது.

அடுத்து ஸ்பார்க் பிளக். சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் ஒரு டேபிள்ஸ்பூன் சுத்தமான இன்ஜின் ஆயில். துவாரத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, கயிற்றை மூன்று, நான்கு முறை மெதுவாக இழுத்தால் ஆயில் சிலிண்டர் சுவர் முழுக்கப் பரவும். துணி போடவில்லை என்றால் ஆயில் சட்டையில்தான் தெறிக்கும். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, கயிற்றை மெல்ல இழுத்து, 'இதுக்கு மேல வரமாட்டேன்' என்று கை உணரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போகாது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யும் வீடுகள் மிகக் குறைவு.

செல்ஃப் ஸ்டார்ட் மாடல் என்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, பிறகு ப்ளஸ். மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆயுத பூஜைக்குள் பேட்டரி செத்திருக்கும்.

குளவிக்கும் எலிக்கும் ஓர் அறிவிப்பு

வெளிநாட்டுக் கையேடுகளில் பனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நம் ஊரில் பிரச்னை வேறு. சைலன்சர் குழாயின் துவாரத்தைப் பார்த்தால் குளவிக்கு மண்கூடு கட்டத் தோன்றும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குட்டி போடும், ஒயரையும் கடித்து வைக்கும். பல்லி, எறும்பு கணக்கில் இல்லை. சைலன்சர் வாயில் மெல்லிய கம்பிவலையோ துணியோ கட்டிவிடலாம். துணி என்றால் சிவப்பு நிறமாக, வால் தொங்கும்படி கட்ட வேண்டும். எடுக்கும்போது அவிழ்க்க மறந்தால் ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் துணி கருகும்.

ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். பேப்பர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுத்தால் போதும். வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கலாம். பைக்குக்குச் செய்வதுபோல வாட்டர் சர்வீஸ் வேண்டாம், கரன்ட் உற்பத்தியாகும் பகுதிக்குள் தண்ணீர் போய்விடும். உப்புக்காற்று வீசும் ஊர்க்காரர்கள் போல்ட், பிரேம், கைப்பிடி ஆகியவற்றில் லேசாக ஆயில் தடவிவைக்கலாம்.

மூடுவதற்குப் பழைய பருத்திப் போர்வை போதும். பாலித்தீன் கவரில் இறுகக் கட்டினால் உள்ளேயே வேர்த்து, துருப்பிடிக்கும். இடம்? சமையலறைக்கும் பூஜை அறைக்கும் பக்கத்தில் வேண்டாம். டேங்க் காலி என்றாலும் பெட்ரோல் வாடை இருக்கும்வரை ஆவி இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளம் வரும் தெருவில் இருப்பவர்கள் தரையில் வைப்பதையும் யோசிக்க வேண்டும். மழைக்காக வாங்கிய பொருள் முதலில் மூழ்குவதாக இருந்தால் எப்படி? இரண்டு பேர் தூக்கும் உயரத்தில் ஒரு சிமென்ட் திண்டோ, உறுதியான மேஜையோ போதும். பரணில் ஏற்றும் வீரம் தேவையில்லை. 1 கே.வி.ஏ ஜெனரேட்டரே ஒரு அரிசி மூட்டை கனம் இருக்கும்.

'பெட்ரோல் காலி, ஆயில் மாற்றியது, சைலன்சரில் துணி' என்று தேதியோடு ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடலாம். செய்தவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவராக இருப்பார்.

வெளியே எடுக்கும் நாள்

அட்டையைப் படித்து, துணியை அவிழ்த்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்து, புது பெட்ரோல் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்ற வேண்டும். டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணம் நிறையும். சோக் போட்டு இழுக்கலாம். முதல் சில நிமிடங்கள் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சிலிண்டரில் விட்ட ஆயில் எரிகிறது. சீராக ஓடிய பிறகு முதலில் பல்பு, அப்புறம் ஃபேன்.

சோதித்துப் பார்ப்பதாக இருந்தாலும் ஜெனரேட்டர் வெளியில்தான் ஓட வேண்டும். திண்ணையில், போர்டிகோவில், ஷட்டர் பாதி இறக்கிய கடைக்குள் ஓட்டுவது உயிரோடு விளையாட்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போவது இப்படித்தான். ஜன்னல், கதவில் இருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும்.

இருபக்கமும் பிளக் வைத்த ஒயரை வீட்டு சாக்கெட்டில் சொருகி, வீடு முழுக்கக் கரன்ட் ஏற்றும் குறுக்குவழி சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கரன்ட் மீட்டர் வழியாகப் பின்னோக்கி லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு உயரும். புயல் முடிந்த மறுநாள், லைன் ஆஃப் என்று நம்பி, வேறு மாவட்டத்தில் இருந்து வந்த மின்வாரிய ஊழியர் கம்பத்தில் ஏறி நிற்பார். எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் வீட்டு ஒயரிங்கோடு இணைக்கவே கூடாது. அது இல்லாத வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுத் தேவையானதை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

ஆயுத பூஜை முதல் போகி வரை டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கலாம். ஆனால், மாதம் ஒரு முறை ஃபேன், லைட் போட்டு 15 நிமிடமாவது ஓட்டிவிட வேண்டும். புயல் சின்னம் உருவானதாகச் செய்தி வந்த அன்றே மேற்கொண்டு தேவைப்படும் பெட்ரோலை, பங்க்கில் கேட்டு, முறையான கலனில் வாங்கிவிடுவது நல்லது. கரன்ட் போன பிறகு பங்க்கின் பம்ப்புக்கும் ஜெனரேட்டர் வேண்டும்.